ஒட்டுக்கா வெந்த இட்லி

வா கண்ணு, உக்காரு. திண்ணை கொஞ்சம் புழுதியாத்தான் கெடக்குது. பரவால்ல, நீ போட்டிருக்கற பேன்ட்டு உன்ற கம்பெனிச் சரக்கு இல்லையே, அழுக்கானா அழுக்காவட்டும்.

ஆயுத பூஜைக்குக் காரு அனுப்பி என்னையும் உங்க அமுச்சியையும் கூட்டீட்டுப் போய்க் கம்பெனியச் சுத்திக் காட்டுனயில்ல, அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமே வர்றதில்ல. பெருமையிலதான் சாமி. வேற எதுன்னும் நெனச்சுக்காத.

வாசல்லயே போர்டு மாட்டியிருக்கற. நீலத்துல வெள்ளை எழுத்து, 'சிங்கிள் பீஸ் ஃப்ளோ'ன்னு. அப்படீன்னா என்னடான்னு கேட்டதுக்கு, "அப்புச்சி, கட்டிங்ல கெளம்பற பீஸ் எங்கியும் நிக்காதுங்க. ஒண்ணு பின்னால ஒண்ணா வாய்க்கால் தண்ணியாட்ட பேக்கிங் வரைக்கும் போயிட்டே இருக்குமுங்க"ன்னு சொன்ன. கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. உள்ள வந்தா கால் வெக்க எடமில்ல. கட்டிங் டேபிள் ஓரத்துல ஒரு குமி. ஓவர்லாக்குக்கு முன்னால ஒரு குமி. பேட்லாக்குக்குப் பின்னால ஒரு குமி. செக்கிங் டேபிளுக்கு அடியில ரெண்டு. வாய்க்கால்னு சொன்ன, எனக்கு வழி நெடுக அணைக்கட்டாத்தான் தெரிஞ்சுது. பொட்டு வெக்க வந்த பூசாரி ஒரு குமிக்கும் சேத்துச் சந்தனம் வெச்சுட்டுப் போனாரு. பாவம், அதையும் மெஷின்னு நெனச்சுட்டாரு. பூஜைன்னு அன்னைக்கு மெஷினெல்லாம் நின்னு கெடந்துச்சு. மத்த நாள்ல சத்தத்துலயும் ஓட்டத்துலயும் குமி கண்ணுக்குப் படறதில்ல.

நீ சித்திரை நோம்பிக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன புஸ்தகம் நாலையும் படிச்சுட்டேன். நான் அந்தக் காலத்துப் பத்தாவது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிச்சுக்குவேன். நாலுல எதுலயும் ஓரம் கசங்கல, அதனால நீ படிக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். தப்பில்ல. போர்டு மாட்டுறதுக்கு அட்டைப்படம் போதும்.

உனக்குப் புரியறாப்புல சொல்லட்டுமா? இட்லி ஒட்டுக்கா வேகற சமாச்சாரம். பானையில நாலு தட்டு, தட்டுக்கு நாலு, ஆக 16. மூடி போட்டுப் பத்து நிமிசம் உக்காந்திருக்கோணும். எத்தனை பசியிருந்தாலும் அதுவரைக்கும் ஒருத்தன் வட்டல்லயும் ஒண்ணும் விழாது. அப்பறம் 16-ம் ஒட்டுக்கா வந்து விழும். மாவுல உப்புப் போட மறந்திருந்தா 16-லயும் உப்பிருக்காது. தோசை அப்படியில்ல. மொதல் தோசையப் பிச்சு வாயில போட்டதுமே 'உப்பில்ல'ன்னு சத்தம் போடலாம். மாவுச் சட்டியில ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கீட்டா ரெண்டாவதுல இருந்து சரியாயிரும். வீணாப் போனது ஒண்ணு. அந்த ஒண்ணையும் நானே தின்னுருவேன்.

தோசையில இன்னொரு சூட்சுமமும் இருக்குது. தின்னறவன் வட்டல் காலியானாத்தான் உங்க அமுச்சி கல்லுல அடுத்த மாவை ஊத்துவா. ஜப்பான்ல டொயோட்டாக்காரன் இதுக்குன்னே ஒரு அட்டை வெச்சிருக்கறான், கான்பான்னு பேரு. அடுத்த கையில இருக்கறவன் அட்டைய அனுப்புனாத்தான் முந்துன கை செய்யோணும், இல்லாட்டி கையக் கட்டிட்டு நிக்கோணும். நம்ம ஊட்டுல காலி வட்டல்தான் அட்டை. ஒருக்கா ஒறம்பர வர்றாங்கன்னு அவசரத்துல 20 தோசை சுட்டு அடுக்கி வெச்சா. பஸ்சு லேட்டு. வந்து உக்காந்தவங்க ஆறித் தோலாட்டம் ஆயிட்டதக் கடிச்சுப் பாத்துட்டு 'கறியும் போட்டிருக்கீங்களா'ன்னு கேட்டாங்க.

இப்ப உன்ற பண்டல் கணக்குக்கு வா. பண்டலுக்கு 20 பீஸ், ஆறு கை மாறோணும், கைக்கு ஒரு நிமிசம்னு வெச்சுக்குவோம். தோள் அடிக்கறவன் இருவதையும் முடிச்சுக் கட்டிக் குடுத்தாத்தான் கழுத்து வெக்கறவன் தொடுவான். இப்படியே போனா பண்டல் வெளிய வர 120 நிமிசம். மொதல் பீஸ் மூஞ்சி காட்டறதே 101-வது நிமிசத்துல. அதையே கைக்குக் கை ஒவ்வொண்ணாக் குடுத்தா ஆறாவது நிமிசம் மொதல் பீஸ், 25-வது நிமிசம் இருவதாவது பீஸ். பண்டல்ல ஒரு பீஸ் மேல ஊசி படற நேரம் ஆறே நிமிசம், மிச்சம் 114 நிமிசம் அது படுத்துத் தூங்குது. தோட்டத்துல அப்படித் தூங்கற ஆளுக்கு நாங்க கூலி குடுக்க மாட்டோம். நீ தூங்கற துணிக்கு பேங்க்ல வட்டி கட்டற. பெரிய மனசு.

"டெய்லர் ஒருத்தருமே சும்மா இருக்கறதில்லீங்களே"ன்னு துள்ளாத. தெரியும். ஆறு பேருகிட்டயும் ஆறு பண்டல் இருக்கும், எல்லாரும் அடிச்சுட்டேதான் இருப்பாங்க. பொழுதோட எண்ணிப் பாத்தா ரெண்டு வழியிலயும் பீஸ் ஏறக்குறைய ஒண்ணுதான். அதைச் சொல்லித்தான் உன்ற மேனேஜரு உன்னைத் தாலாட்டித் தூங்க வெக்கறாரு. எண்ணிக்கைய உடு. தப்பு நடந்தா அது எத்தனை நேரம் ஒளிஞ்சுட்டு இருக்கும், அதைக் கேளு அவரை.

ஆடியில நடந்தது மறந்துருச்சா? கழுத்து ரிப்பு அரை இஞ்ச் கம்மியா வெட்டிட்டாங்க. தலை நொழையாத பனியன். கழுத்து வெச்சவனுக்குத் தெரியாது, அவன் பண்டலைக் கட்டித் தாட்டி உட்டுட்டான். கடைசில செக்கிங்ல ஒரு பொண்ணு பொம்மைக்குப் போட்டுப் பாத்து முழிச்சப்ப 20 பண்டல், 400 பீஸ் முடிஞ்சிருந்துச்சு. மூட்டை கட்டி இந்த ஊட்டுக்குத்தான் கொண்டாந்த. ஆசாரத்துல உக்காந்து ராத்திரி பூரா நாங்க தையல் பிரிச்சோம். உங்க அமுச்சிக்கு ரெண்டு நாள் கழுத்து வலி. பீஸுக்கு இத்தனைன்னு கூலி பேசுன, இன்னும் வந்து சேரல. அதுவும் எங்கியாவது குமியாக் கெடக்குதோ என்னமோ.

ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு 1961-ல ஒரு கணக்கை நிரூபிச்சு வெச்சிருக்கறாரு. சுளுவான கணக்கு. உள்ள கெடக்கற பீஸை நாளைக்கு வெளிய போற பீஸால வகுத்தா, ஒரு பீஸ் உள்ள எத்தனை நாள் தங்குதுன்னு வந்துரும். உள்ள 12,000 இருக்கும்னு நீ சொன்ன, நாளைக்கு 1,000 போகுதுன்ன. ஆக 12 நாள். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையே மூணாம் நாள் வெக்கப்பட்டுக் கெளம்பிர்றான், உன்ற பனியன் 12 நாள் காலை நீட்டிட்டுக் கெடக்குது. அப்பறம் ஷிப்மென்ட் தேதி நெருங்குனதும் கப்பலுக்கு நேரமில்லைன்னு ஏர்ல அனுப்பற. தூங்கு மூஞ்சிக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு.

ஏன் குமியுதுன்னு பாத்தயா? கட்டிங் மாஸ்டர் கெட்டிக்காரரு. துணி வந்த அன்னைக்கு 3,000 வெட்டிப் போடறாரு. தைக்கறது நாளைக்கு 1,000. அவருக்கு நீ சால்வை போத்துன. நாங்க கரும்பு ஆட்டுன காலத்துல எவனாவது அப்படிக் கெட்டிக்காரத்தனம் பண்ணியிருந்தா தொரத்தி உட்டிருப்போம். கொப்பரை எத்தனை காய்ச்சுமோ அத்தனைதான் கரும்பை ஆலைக்குக் குடுக்கறது. முந்தி ஆட்டி வெச்சா கருப்பம்பால் புளிச்சுப் போயிரும், சக்கரை கட்டாது. துணி புளிக்காது, அதனால உனக்கு வாசம் தெரியறதில்ல.

"அதுக்குத்தானுங்கப்புச்சி ஹேங்கர் வாங்கியிருக்கறேன்"னு மேல காட்டுன. பாத்தேன். தண்டவாளத்துல பனியனெல்லாம் வரிசையாத் தொங்குது, சுவிட்சைப் போட்டா நகரும். ரொம்ப அழகு. ஆனா ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலயும் பத்துப் பதினஞ்சு தொங்கி நிக்குது. தரையில படுத்திருக்கற குமி பத்தாதுன்னு, இப்ப லோன் வாங்கி அந்தரத்துலயும் ஒரு குமியத் தூக்கி உட்டிருக்கற.

நகர்றதெல்லாம் ஓட்டம்னு ஆயிராது. ஹென்றி ஃபோர்டு 1913-ல டெட்ராய்ட் பக்கம் ஹைலண்ட் பார்க்ல காரை நகர வெச்சான். அந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு நெனக்கற? சிகாகோ கறிக்கடையில இருந்து. பன்னியையும் மாட்டையும் கொக்கியில தொங்க உட்டு நகத்துவாங்களாம், ஆளுக்கொரு துண்டா அறுத்துட்டே வருவாங்களாம், கடைசில கொக்கி மட்டும் மிஞ்சும். ஃபோர்டு ஆளு ஒருத்தன் அதைப் பாத்துட்டு வந்தான். ஆளுக்கொரு துண்டா எடுத்தா மாடு காலியாகுது, ஆளுக்கொரு துண்டா மாட்டுனா காரு ஆவாதான்னு திருப்பிப் போட்டாங்க. 12½ மணி நேரம் புடிச்ச சேஸிஸ் பூட்டுற வேலை அடுத்த வருசமே 93 நிமிசத்துக்கு வந்துருச்சு.

இதை மட்டும் நீ பாத்திருப்ப, படம் போட்டிருந்தாங்க. அடுத்த பக்கத்தத் திருப்பலை. அதே 1913-ல 14,000 பேரை வேலையில நிறுத்தி வெக்க 52,000 பேருக்கு மேல எடுக்க வேண்டி வந்துச்சாம். நாள் பூரா ஒரே போல்ட்டைத் திருகறதுக்கு எவன் நிப்பான்? வர்றது, ரெண்டு வாரம் பாக்கறது, ஓடறது. காரு நிக்காம ஓடுச்சோ இல்லையோ, ஆளு நிக்காம ஓடுனான். அப்பறந்தான் 1914 ஜனவரியில நாளைக்கு 5 டாலர், எட்டு மணி நேர வேலைன்னான். அதுக்கு முந்தி 2.34 டாலரும் ஒம்போது மணி நேரமும். அதுலயும் குசும்பு பாரு, 5 டாலர் வாங்கறவன் ஊட்டுல குடிக்கறானா, காசு மிச்சம் புடிக்கறானான்னு எட்டிப் பாக்க ஆள் போட்டு வெச்சிருந்தான். உன்ற மேனேஜரு 'ஆளே நிக்க மாட்டேங்குதுங்க'ன்னு என்கிட்ட மூக்கால அழுதாரு. போர்டுல ஃப்ளோன்னு எழுதிட்டுச் சம்பளத்தைப் பழைய பண்டல் கணக்குல, பீஸ் ரேட்டுல குடுத்தா எப்படி நிக்கும்? அடுத்தவ மெதுவா அடிச்சா இவ கையக் கட்டிட்டு நிக்கோணும், நின்ன நேரத்துக்கு இவளுக்குக் காசில்ல.

மூணாவது மெஷின்ல ஒரு ஒடிசாப் புள்ள உக்காந்திருக்குதே, கையில பச்சை குத்துனது. பூஜை முடிஞ்சு பொரி வாங்கிட்டு நின்னுச்சு. அது மேசைக்கடியில ஒரு பையில ஏழெட்டுப் பீஸ் ஒளிச்சு வெச்சிருக்குது. நான் கண்ணுல பட்டுட்டேன்னதும் வெளிறிப் போச்சு. பக்கத்துல இருந்த நம்மூருப் பொண்ணுதான் சொல்லுச்சு, முந்துன மெஷின் நின்னு போனா அன்னைக்குக் கூலி போயிரும், அதுக்குத்தான் இந்தப் பையாம். பாரு கண்ணு, உன்ற கம்பெனியில குமி எல்லாமே பயத்துல பொறந்தது. நாளைக்குத் துணி வராதோன்னு கட்டிங் மாஸ்டருக்குப் பயம். மெஷின் நின்னுருமோன்னு அந்தப் புள்ளைக்குப் பயம். ஆர்டர் போயிருமோன்னு உனக்கு. நீ அந்தப் பையப் புடுங்கீராத. புடுங்குனா அது வேற எடத்துல ஒளிக்கும். அவ்வளவுதான்.

தைக்கற வேலைக்கு இந்த ஒண்ணொண்ணாக் குடுக்கறது ஆவாதுன்னும் சொல்லக்கூடாது. டொயோட்டா கூட்டத்துல ஐசின்னு ஒரு கம்பெனி, 1978-லயே தையலுக்குன்னு ஒரு முறை கொண்டாந்துச்சு. மெஷினை வளைச்சு லாடத்தாட்ட போட்டு, டெய்லருங்க நின்னுட்டே ரெண்டு மூணு மெஷினுக்கு நடப்பாங்க. கடைசி ஆளு பீஸை முடிச்சதும் திரும்பி நடந்து வந்து, முந்துன ஆளு கையில எது எந்த அரைகுறையில இருக்குதோ அதை அப்படியே வாங்கிக்கோணும். அந்த ஆளு இன்னும் பின்னால போய் அதுக்கு முந்துன ஆளுகிட்ட வாங்கோணும். கெணறு வெட்டறப்ப மண்ணுக்கூடை கைமாத்துவமே, அதேதான். எவனும் ஒரு எடத்துல கூடைய எறக்கி வெச்சுட்டு நிக்க மாட்டான், காலி கை எது வருதோ அதுல குடுத்துருவான். மெதுவான ஆளு மொதல்ல, வேகமான ஆளு கடைசில நின்னா லைன் தானாச் சமமாயிரும்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 1996-ல கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. நீ மாத்தி வெச்சிருக்கற. உன்ற மச்சாங்கிறதுக்காக, பாக்கு மென்னுட்டே மடிக்கறவனைக் கொண்டு போய்க் கடைசில உட்டிருக்கற.

அப்பறம் அந்தச் செவப்பு பல்பு. ஒவ்வொரு மெஷினுக்கு மேலயும் ஒண்ணு. என்னன்னு கேட்டேன், தப்புக் கண்டா அமுக்கறதுக்குன்ன. எப்ப எரிஞ்சுதுன்னு கேட்டேன். "எரிஞ்சதே இல்லீங்கப்புச்சி, அந்தளவுக்குத் தரம்"ன்ன. அடேயப்பா! பல்பு மேல ஒட்டடை, ஒட்டடையில பூச்சி, ஆடியில 400 பனியன் தலை நொழையல, பல்பு மட்டும் எரியல.

சக்கிச்சி டொயோடான்னு ஒருத்தரு, தச்சு ஆசாரி மகன், 1867-ல பொறந்தவரு. ஊட்டுல அம்மா தறி நெய்யறதப் பாத்து வளந்தவரு. நூல் அந்தாலும் தறி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், கெட்ட துணியா நெய்ஞ்சு தள்ளும். நூல் அந்ததும் தானா நிக்கற தறியச் செஞ்சாரு. 1924-ல வந்த அவரோட தறிக்கு அத்தனை பேரு. இங்கிலாந்துல பிளாட் பிரதர்ஸ்னு பெரிய மெஷின் கம்பெனி, நம்ம நாட்டு மில்லுங்களுக்கெல்லாம் மெஷின் வித்தவங்க, 1929-ல ஒரு லட்சம் பவுனுக்குப் பேசி அந்தத் தறியோட உரிமைய வாங்குனாங்க. வெள்ளைக்காரன் அத்தனை காசு குடுத்தது எதுக்குன்னு யோசி. ஓடறதுக்கா? அவன்கிட்ட ஓடற தறி ஆயிரம் இருந்துச்சு. நிக்கறதுக்கு.

அதுல இருந்து வந்ததுதான் டொயோட்டா கார் கம்பெனியில தொங்கற கயிறு. தப்புன்னு பட்டா எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். மேல வெளக்கு எரியும். வெளக்குக்குப் பேரு ஆண்டான், அவங்க பாசையில காயிதம் ஒட்டுன பழைய ராந்தலாம். சூப்பர்வைசர் ஓடியாந்து மொதல்ல 'என்ன ஆச்சு'ன்னு கேப்பான். உன்ற சூப்பர்வைசர் 'யாரு அமுக்குனது'ன்னு கேப்பான். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பல்பு மாட்டியும் பிரயோசனமில்ல.

அதுக்காகக் குமியே ஆவாதுன்னு நான் ஒரேயடியா அடிச்சுச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவன் ஆடு மேய்ச்சதும் இல்ல, மழைக்கு ஒதுங்குனதும் இல்ல. 1997 பிப்ரவரி ஒண்ணாந்தேதி அதே ஐசின் கம்பெனி ஒண்ணுல தீப்புடிச்சுருச்சு. பிரேக்குக்குப் போற சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்துதான். கையிருப்பு வெக்கறதில்லைன்னு பெருமை பேசுனவங்க லைனெல்லாம் ரெண்டு மூணு நாள்ல நின்னு போச்சு. அப்பறம் சுத்துப்பட்டுக் கம்பெனிங்க எல்லாம் சேந்து, அதுல தையல் மெஷின் செய்யற பிரதர் கம்பெனி கூட வேலைய நிறுத்திட்டு வால்வு கடைஞ்சு குடுத்து, ஒரு வாரத்துல மறுபடி ஓட வெச்சாங்க. உன்ற கம்பெனியில தீப்புடிச்சா பக்கத்துக் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? உன்ற டெய்லருக்குப் போன் போடுவான். அதனால கொஞ்சம் குமி நீ வெச்சுக்கலாம். எத்தனைன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ, பூசாரி சந்தனம் வெக்கற அளவுக்கு வேண்டாம்.

சாயத்தையும் நீ தோசையாச் சுட முடியாது. அது இட்லிதான். பெரிய மெஷின்ல துணிய ஒட்டுக்காப் போட்டுத்தான் நனைக்கோணும், இல்லாட்டி ஒரு பனியன் கிளிப்பச்சை, ஒரு பனியன் மாட்டுச்சாணி. சாயம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நிக்காத ஓட்டம், நிக்காத ஓட்டம்னு ஜப்பானுக்குப் போய்க் கத்துக்கிட்டு வர்றீங்களே, நம்மூர்ல அது எப்பவோ இருந்துச்சு. சாயப்பட்டறைத் தண்ணி ராவும் பகலும் ஒரு நிமிசம் நிக்காம நொய்யல்ல ஓடுச்சு. ஒரத்துப்பாளையம் அணையில போய்க் கலர் கலராத் தேங்குச்சு. அதை நிறுத்தறதுக்கு எவனும் பல்பு அமுக்கல. கீழ இருக்கற பண்ணையக்காரங்க கோர்ட்டு வாசல்ல வருசக்கணக்கா நின்னு, 2011 ஜனவரியில ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னப்பறந்தான் நின்னுச்சு. அன்னைக்கு ஊரே நின்னுச்சு, உங்கப்பனும் தலையில கைய வெச்சு உக்காந்தான். அது போவட்டும், பழைய கதை.

கலர் மாத்தறப்ப, ஸ்டைல் மாத்தறப்ப அரை நாள் போகுதுங்கற. அதுக்காகத்தான் ஒட்டுக்கா நெறைய ஓட்டறேங்கற. ஷிங்கோன்னு ஒருத்தரு டொயோட்டாவுல 1,000 டன் அழுத்தற மெஷினுக்கு அச்சு மாத்தற நாலு மணி நேரத்தை மூணு நிமிசத்துக்குக் கொண்டாந்தாரு. மந்திரமில்ல. மெஷின் ஓடறப்பவே அடுத்த அச்சைப் பக்கத்துல தயாரா வெச்சுட்டா, நின்னப்பறம் ஸ்பேனர் தேட வேண்டியதில்ல. அன்னைக்கு உன்ற மெக்கானிக் ஒரு ஸ்பேனரைத் தேடித் தேடிக் கடைசில எங்க எடுத்தான் தெரியுமா? குமிக்குள்ள.

என்ன சிரிக்கற? பரணையா பாக்கற? அது வேற. ஓட்டைத் தெளிப்பான் நாலு, அறுந்த வடக்கயிறு, உங்க அமுச்சி எடுத்து வெச்ச காலி டப்பா அறுவத்திச் சொச்சம். அதுக்கெல்லாம் லிட்டில் கணக்குப் போடாத, வகுக்கறதுக்கு வெளிய போறது ஒண்ணுமே இல்ல.

திங்கக்கெழம நான் வர்றேன். மெஷினைப் பாக்க இல்ல. அந்த ஒடிசாப் புள்ளைகிட்ட நீயே போய் 'தப்புன்னு பட்டா அமுக்கம்மா'ன்னு சொல்லு. அது மொதல் தடவை அமுக்கறப்ப ஷிப்மென்ட் நாளா இருக்கும், அது அப்படித்தான் அமையும். அப்ப உன்ற மூஞ்சி எப்படி இருக்குதுன்னு ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்கோணும். கறிக்கடைக்காரனாட்ட இருந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்துருவேன்.

காரு அனுப்ப வேண்டாம், டவுன் பஸ்லயே வந்துக்கறோம். உங்க அமுச்சிக்கு டிக்கெட் இல்ல, எனக்குத்தான் உண்டு. போக, வர ரெண்டுக்கும் இப்பவே ஒட்டுக்காக் குடுத்துரு. ஆடி மாசத்துப் பிரிச்ச கூலியும் அதோட சேத்து. காசு விசயத்துல மட்டும் எனக்கு ஒண்ணொண்ணா வேண்டாம் கண்ணு.